மங்கல விளக்கும் ஒரு வைஸ் கொன்சலும்

அவரைத் தூதுவர் என்று முதலில் சொன்னவன் நான்தான். அந்தப் பிழையை ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர்களின் பிழையைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

லோசானில் ஏரியை நோக்கி இறங்கும் ஒரு தெருவில், எட்டு வீடுகள் உள்ள கட்டடத்துக்கு நான் கொன்சியேர்ஜ். படி கழுவுவது, பனி தள்ளுவது, பல்ப் மாற்றுவது, உடுப்புத் தோய்க்கும் அறையில் யாருடைய நாளில் யார் தோய்த்தார்கள் என்ற வழக்கைத் தீர்த்து வைப்பது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது கடவுள் தந்த வேலை. காலையில் திருநீறு பூசிக்கொண்டுதான் வாளியைத் தூக்குவேன். கட்டடத்தில் ஒருவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை, இரண்டாம் மாடியில் இருக்கும் ஆங்கிலேயரைத் தவிர.

அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. மனைவி இந்த ஊர்க்காரி, இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. ஒருநாள் அவர் வீட்டுக் குழாயைப் பார்க்கப் போனபோது என் நெற்றியைக் காட்டி, "அது என்ன சாம்பல்?" என்று பிரெஞ்சில் கேட்டார். என் அரைகுறைப் பிரெஞ்சில், கடைசியில் எல்லோரும் சாம்பல்தான், அதை மறக்காமல் இருக்கப் பூசுகிறோம் என்றேன். அவர், "நல்ல வழக்கம்" என்றார். அன்று தொடங்கிய பழக்கம்.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் இருந்தது. வெள்ளைச் சீருடை, இடுப்பில் வாள், கையில் தொப்பி. பிரித்தானியத் தூதரகங்களில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவர் என்று அவர் சொல்லியிருந்தார். வேறென்ன வேண்டும்? எங்களுடைய ஆட்களுக்குத் தூதரகத்தில் கதவு திறந்து விடுகிறவரும் தூதுவர்தான். நானும் அவரைத் தூதுவர் என்றே முடிவு செய்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பக்கத்து ஊரான ரெனானில் எங்களுடைய பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் நிருவாகத்தில் நானும் ஒரு ஆள். ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினர் யார் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. மூன்று வருடமாக ஒரே கடைக்காரரே வந்து விளக்கேற்றி, ஒரே பேச்சைப் பேசிவிட்டுப் போகிறார்.

"இந்த முறையும் அவர்தானோ?" என்றார் செயலாளர். "பிள்ளையள் அவற்ற பேச்சைப் பாடமாக்கிப் போட்டுதுகள். அவர் நிப்பாட்டினால் மிச்சத்தை அதுகளே சொல்லி முடிக்குங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் நான் வாயைத் திறந்தேன். "எங்கட கட்டடத்தில பிரித்தானியத் தூதுவர் ஒருத்தர் இருக்கிறார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன அண்ணை, இவ்வளவு நாளும் தூதுவரைப் பொத்தி வைச்சுக்கொண்டு இருந்தனீங்களோ?" என்றார். இன்னொருவர், எங்கள் சனத்தின் நிலையை அவரிடம் எடுத்துச் சொன்னால் அவர் லண்டனில் பேசுவார் என்றார். அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது என்று நான் சொன்னதும் செயலாளர் விடவில்லை. "அவர் பென்சன் எடுத்து முப்பது வருசத்துக்கு மேல. இப்ப அவர் சொன்னால் அவற்ற பூனையும் கேளாது."

ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. பிரதம விருந்தினர் அவர். மங்கல விளக்கை முதலில் ஏற்றுபவரும் அவர்.

நான் போய் வாயால் கேட்டேன். அவர் எழுத்தில் அழைப்புக் கேட்டார். செயலாளர் பிரெஞ்சில் எழுதித் தந்த கடிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்த அன்று பின்னேரமே அவருடைய பதில் கையெழுத்தில் தயாராக இருந்தது. அழைப்பை ஏற்பதில் பெருமையடைகிறேன் என்று எழுதியிருந்தார். கீழே நான்கு கேள்விகள். எத்தனை மணிக்கு வர வேண்டும், சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா, எந்தக் கையால் விளக்கேற்ற வேண்டும், எத்தனை நிமிடம் பேசலாம். மூன்று வருடம் வந்த கடைக்காரர் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

அவருக்குக் கை நடுங்கும். அதுதான் அவருக்குக் கவலை. "இவ்வளவு பிள்ளைகளுக்கு முன்னால் மெழுகுதிரியை விழுத்தக் கூடாது" என்றார். ஆகவே ஒவ்வொரு வியாழனும் என் வேலை முடிந்ததும் அவருடைய குசினியில் பழகினோம். ஒரு கிண்ணத்தில் எண்ணெய் விட்டுத் திரி போட்டு வைப்பேன். அவர் வலது கையில் மெழுகுதிரியைப் பிடித்து, இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிக் குனிவார். முதல் வியாழன் திரி பற்றவில்லை. மூன்றாம் வியாழன் ஒரே முறையில் பற்றியது. அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் மறக்க மாட்டேன். "வணக்கம்" சொல்லவும் பழகினார். அந்தச் சொல்லை அவர் ஏதோ மருந்து குடிப்பதுபோல் மெதுவாகச் சொல்வார்.

நான்காம் வியாழன் விழா அறிவித்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். வட்டத்துக்குள் அவருடைய படம். தமிழிலும் கீழே பிரெஞ்சிலும் 'முன்னாள் பிரித்தானியத் தூதுவர்' என்று இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுப் பிரெஞ்சு வரியைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது பிழை" என்றார். "நான் ஒருநாளும் தூதுவராக இருந்ததில்லை. வைஸ் கொன்சலாகத் தொடங்கி வைஸ் கொன்சலாகவே முடித்தவன். தயவுசெய்து திருத்தச் சொல்லுங்கள். இல்லாத பதவியை நான் ஒரு கடதாசியிலும் போட்டதில்லை."

வைஸ் கொன்சல் என்றால் என்ன என்று அன்றுதான் கேட்டேன். தூதுவர் அரசாங்கங்களோடு விருந்து சாப்பிடுவார், வைஸ் கொன்சல் கஷ்டத்தில் விழுந்த தன் நாட்டுச் சனத்தைப் பார்ப்பார் என்றார். பிரேசிலில் ஒரு துறைமுகம், மேற்கு ஆபிரிக்காவில் இரண்டு இடம், துருக்கி, கடைசியில் ஜெனீவா. சிறையில் கிடப்பவனுக்குச் சவர்க்காரமும் சிகரெட்டும் கொண்டுபோவது, பாஸ்போட்டைத் தொலைத்தவளுக்குப் புதுப் பாஸ்போட் எழுதுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தவர்களைப் பார்ப்பது. அந்தக் காலத்தில் வெயில் நாட்டில் பிரேதம் தாங்காது. துறைமுகத்தில் ஒரு கப்பல் சமையற்காரன் விழுந்து செத்தபோது, பாதிரியார் வர நாளாகும் என்று தெரிந்து, இவரே உடலைத் துடைத்துச் சட்டை மாற்றி, பெட்டியில் வைத்து, செபம் வாசித்து மண் போட்டிருக்கிறார். அப்படி எத்தனை பேர் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார்.

"அடக்கம் முடிந்ததும் தாய்க்குக் கடிதம் எழுத வேண்டும்" என்றார். "அன்றைக்கு மழையா வெயிலா என்று எழுதுவேன். யார் யார் நின்றார்கள் என்று எழுதுவேன். தாய்மார் அதைத்தான் கேட்பார்கள்."

நான் அங்கிருந்த கதிரையில் இருந்துவிட்டேன். என் தம்பி இந்த நாட்டுக்கு வரும் வழியில், ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்ட லொறியில், எங்கோ ஒரு எல்லைக்குப் பக்கத்தில் செத்தான். அவனிடம் இருந்த பாஸ்போட்டில் இருந்த பெயர் அவனுடையதில்லை. அந்தப் பெயரோடுதான் புதைத்திருப்பார்கள். அம்மா கடைசி வரைக்கும் கேட்டது, ஆர் மோனை மண் போட்டது, அண்டைக்கு மழையோ என்பதுதான். அவளுக்குக் கடிதம் எழுத ஒரு வைஸ் கொன்சல் இருக்கவில்லை.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரே நினைப்பு. தூதுவர் இல்லையென்றால் என்ன? இதைவிட மேலான ஒருவரை அந்த மேடை கண்டிருக்காது. அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

சொன்னேன். அறிவித்தலைத் திருத்த வேண்டும் என்றேன். எல்லாம் அச்சடித்து ஒட்டியாகிவிட்டது என்று செயலாளர் தலையில் கை வைத்தார்.

"அப்ப அவர் ஆர்தான் அண்ணை? கிளாக்கரோ?" என்று தலைவர் கேட்டார்.

நான் எழுந்து நின்று சொன்னேன். சிறைக்குப் போனதை, பிரேதம் துடைத்ததை, செபம் வாசித்து மண் போட்டதை, தாய்மாருக்கு எழுதியதை. பெருமையோடு சொன்னேன். அதுதான் என் இரண்டாவது பிழை. நான் சொல்லச் சொல்லத் தலைவரின் முகம் மாறிக்கொண்டு போனது.

"அதாவது, அவற்ற தொழிலே சவம் அடக்கிறது" என்றார்.

"தொழில் எண்டில்லை. அதையும் செய்தவர்."

"அண்ணை, இது மங்கல விளக்கு. பிள்ளையளின்ர படிப்புக்கு ஏத்திற விளக்கு. பிரேதம் கழுவின கையால ஏத்திறதோ? நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் தாய்மார் எங்களைத்தான் பேசுவினம்."

"அவர் கை கழுவி நாப்பது வருசம்" என்று செயலாளர் சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் விதண்டாவாதம் பேசுகிறவன் அல்ல. துடக்கு, தீட்டு எல்லாம் பார்க்கிறவன். செத்த வீட்டுக்குப் போனால் முழுகாமல் சாமி அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன். ஆனால் முழுகினால் தீர்ந்துவிடும் துடக்கு, எந்தச் சாத்திரத்தில் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது? அதைத்தான் கேட்டேன். "சிவன் ஆடுறது எங்க? சுடலையில. அவர் பூசுறது என்ன? சுடலைச் சாம்பல். அதை நீங்களும்தானே நெத்தியில பூசிக்கொண்டு வந்திருக்கிறியள்? அவரைக் கருவறையில வைச்சுக் கும்பிடலாம், அநாதையாச் செத்தவனை அடக்கின மனிசன் ஒரு திரியைக் கொளுத்தக் கூடாதோ?"

"சாமி வேற, சம்பிரதாயம் வேற" என்றார் தலைவர்.

இந்த ஒரு வசனம் இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. சாமியும் சம்பிரதாயமும் வேறு வேறு என்றால் அந்தச் சம்பிரதாயம் யாருக்கு? வெள்ளைக்காரத் தூதுவர் வருகிறார் என்றதும் கண்ணாடியைக் கழற்றியவர்கள், அவர் யாரோ ஓர் ஏழையின் உடலைத் தொட்டவர் என்றதும் கையை இழுத்துக்கொண்டார்கள். வெள்ளைத் தோலையும் சாதிக் கண்ணால் பார்க்க எங்களால்தான் முடியும். ஊரில் பறையடித்தவரையும் சுடலை காத்தவரையும் எங்கே நிறுத்தி வைத்திருந்தோமோ, அதே இடத்தில் இந்தக் கிழவரையும் கொண்டுபோய் நிறுத்தினோம். இதைக் கூட்டத்தில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

கடைசியில் அவர்கள் முடிவு செய்தது இது. விளக்கைக் கடைக்காரர் ஏற்றுவார். கிழவரை வரவேண்டாம் என்றால் மரியாதையில்லை, வரட்டும், மூன்றாம் வரிசையில் இருக்கட்டும். இரண்டாம் பாதியில் ஒரு பொன்னாடை. அறிவித்தலில் உள்ளபடி தூதுவர் என்றே சொல்லிவிடலாம், சபைக்கு ஏன் குழப்பம்?

இதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. இரண்டு வியாழன் வந்து போயின. அவர் மெழுகுதிரியைப் பிடித்துக் குனிந்தார், நான் பக்கத்தில் நின்று "நல்லது" என்றேன். விழா நாளுக்குள் தலைவர் மனம் மாறுவார் என்று பிள்ளையாரிடம் நேர்ந்தேன். மனிதன் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் பிள்ளையாரிடம் பாரத்தைப் போட்டது என்னுடைய மூன்றாவது பிழை.

விழா நாள் ஒரு சனிக்கிழமை மத்தியானம். என் மனைவி அவருடைய சட்டையை வாங்கி வந்து அயன் பண்ணிக் கொடுத்திருந்தாள். அவர் கடும் நீலக் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நின்றார். ரயிலில் ரெனானுக்குப் போனோம். மண்டபத்தில் இன்னும் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுடைய நேரம் அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றேகால் மணித்தியாலம் நிமிர்ந்தபடியே இருந்தார்.

செயலாளர் வந்து கும்பிட்டு, மூன்றாம் வரிசையில் ஒரு கதிரையைக் காட்டினார். கிழவர் அந்தக் கதிரையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். மேடையில் ஐந்து கதிரைகள். அவர் தூதரக விருந்துகளுக்கு இருக்கைப் பட்டியல் போட்டவர். யார் எங்கே இருக்கிறார் என்பதன் அர்த்தம் அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பிறகு காட்டிய கதிரையிலேயே இருந்தார்.

அறிவிப்பாளர் விளக்கேற்ற ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் கடைக்காரர். முதல் பெயர் கேட்டதும் கிழவர் ஒரு சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். அது தன்னுடைய பெயர் இல்லை என்று தெரிந்ததும் கை நின்றது. இரண்டாவது பெயர், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. எல்லோரும் ஏற்றி முடிந்து மேளம் கேட்டபோது, குனிந்து மெதுவாக நாடாவைத் திரும்பக் கட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த முடிச்சைப் போட அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய்ச் செயலாளரைப் பிடித்தேன். "பாத்தியளோ நீங்கள் செய்ததை?"

"அண்ணை, இப்ப சண்டை பிடியாதேங்கோ. வடை வருகுது, அவருக்கு ரெண்டு கூட வையுங்கோ."

வடை. ஆறு கிழமை பழகிய மனிதருக்கு வடை.

இரண்டாம் பாதியில் சனம் பின்பக்கம் தேநீருக்கு எழுந்துவிட்ட நேரத்தில், 'முன்னாள் பிரித்தானியத் தூதுவர் அவர்களுக்குப் பொன்னாடை' என்று ஒலிவாங்கியில் கேட்டது. நான் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனேன். தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார். படம் எடுத்தார்கள். என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கிழவர் என்னிடம் கேட்டார். தூதுவர் என்றேன். அவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். "வணக்கம்" என்றார். பிறகு பிரெஞ்சில், "நான் தூதுவராக இருந்ததில்லை. வைஸ் கொன்சலாக இருந்தேன். உங்கள் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். நன்றி" என்றார்.

முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அது அவர்களுடைய மொழி. அறிவிப்பாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு தமிழில் சொன்னார்: "தூதுவர் அவர்கள் தனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொண்டார்."

திரும்பி வரும் ரயிலில் பொன்னாடை அவர் மடியில் மடித்தபடி இருந்தது. "ஏன் என்னை விளக்கேற்றக் கூப்பிடவில்லை?" என்று கேட்டார். இனிமேலும் மறைத்தால் எனக்கு நல்ல கதி இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் முன்னமே அறிந்தும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன்.

லோசானில் இறங்கும்போது அவர் சொன்னார்: "அந்த மனிதர்களை அடக்கம் செய்ததற்காக நான் வெட்கப்படவில்லை. நேரே சொல்லியிருந்தால் வந்தே இருக்க மாட்டேன்." பிறகு, "இன்றைக்கு என் கை நடுங்கவில்லை. கவனித்தீர்களா?" என்றார்.

வீட்டில் இதைக் கேட்டுவிட்டு என் மனைவி அழுதாள். "அடுத்த வெள்ளி இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கட சாமி அறையில அவர் ஏத்தட்டும். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகுது எண்டு பாப்பம்" என்றாள். நான் போய்க் கேட்டேன். அவர் தலை குனிந்து நன்றி சொன்னார், வரவில்லை. "உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள், பெரிய மனது. ஆனால் என்னை அழைத்தது பள்ளிக்கூடம். நான் பதில் எழுதியதும் பள்ளிக்கூடத்துக்கு" என்றார்.

அதோடு ஒரு உறையைத் தந்தார். விருந்துக்குப் போன மறுநாள் நன்றிக் கடிதம் எழுதுவது அவருடைய உத்தியோகப் பழக்கம். நான் கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுத்தேன். பிள்ளைகளின் நடனத்துக்கு நன்றி, தேநீருக்கு நன்றி, மேடை நன்றாகத் தெரியும் இடத்தில் கதிரை தந்ததற்கு நன்றி. விளக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையெழுத்தின் கீழே 'ஓய்வுபெற்ற வைஸ் கொன்சல்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியளோ அண்ணை? அவருக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள்தான் துள்ளிக்கொண்டு நிக்கிறியள்." அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூட அறிவித்தற் பலகையில் குத்தியும் வைத்தார்.

"அவர் முப்பத்திரண்டு வருசம் இப்பிடி எழுதிச் சம்பளம் எடுத்தவர்" என்றேன். "கோவத்தை எப்பிடி மரியாதையா எழுதிறது எண்டு அவருக்குத் தெரியும். வாசிக்கத்தான் உங்களுக்குத் தெரியேல்லை."

அடுத்த நிருவாகக் கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். நடந்ததை அறிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள் என்றேன். 'அநாதைப் பிணங்களை அடக்கம் செய்தவர் என்ற காரணத்தால், எழுத்தில் அழைக்கப்பட்ட பிரதம விருந்தினர் மங்கல விளக்கேற்ற அனுமதிக்கப்படவில்லை.' இந்த ஒரு வசனம்தான். நீங்கள் செய்தது சரி என்றால் எழுதுவதில் என்ன கஷ்டம்?

செயலாளர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். தலைவர் மேசையைப் பார்த்தார். "இதெல்லாம் கதைக்கிற விசயம் அண்ணை, எழுதுற விசயம் இல்லை" என்றார் ஒருவர். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். நான் மேற்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

அவர்கள் எழுதவில்லை. ஆகவே என் கையால், எனக்குத் தெரிந்த தமிழில், நான் எழுதிவிட்டேன். அன்றைக்கு ரெனானில் மழை இல்லை. நல்ல வெயில். விளக்கை ஐந்து பேர் ஏற்றினார்கள். அவர் மூன்றாம் வரிசையில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.